அடியைத் தாங்கும் அடி

‘அடி’ என்னுஞ் சொல் தமிழிலே பாதத்தையுங் குறிக்கும், ஒரு பொருளின் கீழ்ப்புறத்தையுங் குறிக்கும், தாக்குதலையுங் குறிக்கும். போர்வீரரை ஏற்றிச் செல்லும் ஊர்திகளின் பாதுகாப்பை ஆராயுங்கால் இம்மூன்று பொருளும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன.

பண்டைநாளிற் பகைவனது படைக்கலம் முன்னின்று வந்தது. மார்புக்குக் கவசமும் கைக்குக் கேடகமும் அதனைத் தடுத்தன. கண்ணிவெடி தோன்றிய பின்னரோ பகை நிலத்தினுள்ளே ஒளித்துக் கிடக்கலாயிற்று.

தட்டையான அடித்தகடுடைய ஊர்தி கண்ணிவெடிமேற் செல்லுமாயின், வெடிப்பின் வேகம் அத்தகட்டில் நேரே மோதும். தகடு பிளவாவிடினும் மேல்நோக்கி வளையும். அதன்மேல் ஊன்றிய கால்கள் முறியும். ஆசனத்தின் வழியே முதுகெலும்பும் தாக்குண்ணும். இரும்பின் கனத்தை மிகுத்தல் மாத்திரம் இதற்குப் பரிகாரமாகாது. ஊர்தியின் வடிவமே மாறுதல் வேண்டும். அடிப்புறம் தோணியினது போலக் கீழே கூர்ந்து மேலே விரிந்திருப்பின், வெடிப்பின் வேகம் இருமருங்கும் சிதறிப்போகும். நிலத்துக்கும் அடிக்கும் இடைவெளி மிகுந்தோறும் தாக்கங் குறையும். ஆசனங்களைத் தளத்திற் பூட்டாது கூரையிலோ பக்கச்சுவரிலோ பொருத்தி, அமர்ந்திருப்போரைப் பட்டியாற் பிணித்தல் இன்னொரு காப்பாகும்.

இவ்வுண்மைகள் 1970களிலேயே றொடீசியாவிலும் தென்னாபிரிக்காவிலும் செயற்படுத்தப்பட்டன. தென்னாபிரிக்கப் படை 1978இல் மேற்கொண்ட ‘பஃபல்’ என்னும் ஊர்தி இவ்வகையினது. பின்னர் இலங்கைப் படையினர் வரவழைக்க, நம்மவர் ‘பவல்’ என்று வழங்கிய கவசவாகனம் அதுவே.

இங்ஙனம் அறியப்பட்டிருந்த உண்மை, செல்வமும் விஞ்ஞானமும் மிக்க ஐக்கிய அமெரிக்காவுக்குக் கால் நூற்றாண்டின் பின்னரும் பயன்படாதிருந்தமை வியப்பன்றோ! 2003இல் ஈராக்குக்குச் சென்ற அதன் வீரர் பலர், தட்டையான அடியையுடைய ‘ஹம்வீ’ ஊர்திகளிலே சென்றனர். தெருவோரத்திற் புதைத்த குண்டுகள் அவர்களைக் கொன்றன. 2004 டிசெம்பரிலே குவைத்தில் ஒரு வீரர் எழுந்து, தம் ஊர்திகளுக்குக் கவசமிடக் குப்பைமேட்டிற் பழைய இரும்பு பொறுக்க வேண்டியிருப்பது ஏன் எனப் பாதுகாப்புச் செயலாளர் றம்ஸ்பெல்டை நேரே வினவினார். 2005 பெப்ரவரியிலே கடற்படைவீரர் பிரிவினர், கூரிய அடியுடைய 1,169 ஊர்திகள் வேண்டுமென அவசர விண்ணப்பஞ் செய்தனர். அவ்விண்ணப்பம் கிடப்பிற் போடப்பட்டது. 2007 ஏப்ரலிலே, அத்தகைய ஊர்திகள்மீது நிகழ்ந்த 300 தாக்குதல்களில் அப்பிரிவு வீரர் ஒருவரேனும் இறந்திலர் என்பதைப் புதிய செயலாளர் றொபேட் கேற்ஸ் நாளிதழொன்றிற் படித்தார். அடுத்த மாதமே அவற்றை வாங்குதலைத் தலையாய பணியாக்கினார். சில ஆண்டுகளில் 27,000க்கு மேற்பட்டவை செய்யப்பட்டன.

குறையும் இல்லாமலில்லை. உயரமும் பாரமும் மிக்க அவ்வூர்திகள் ஒடுங்கிய தெருக்களிற் கவிழலாயின. ஆகவே ஆப்கானிஸ்தானத்து மலைப்பாதைகளுக்கென 2009இற் சிறியவை ஆக்கப்பட்டன. ஒரு காப்புச் செய்தவுடன் கடமை முடிந்ததென்று இருத்தலாகாது என்பதற்கு இது சான்று.

இவ்வரலாற்றிலே குறைவுபட்டது அறிவன்று, செவி. ஊர்தியில் அமர்ந்திருந்தவன் சொல்லியதை, ஊர்தியை வாங்குபவன் காலத்திற் கேட்டிலன். அத்தாமதத்தை வீரர் தம் உயிராலே செலுத்தித் தீர்த்தனர்.

நாம் மறத்தற்கியலாத இன்னொன்றும் உண்டு. கூரிய அடி உள்ளே இருப்பவரைக் காக்கும். அதே நிலத்தில் வெறுங்காலுடன் நடக்கும் உழவனையும் பள்ளிப் பிள்ளையையும் காவாது. அவர்களுக்குக் கவசம், மிதிவெடி அகற்றிய நிலமே. ஆளெதிர்க் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் இலங்கை 2017இற் சேர்ந்தது. வடக்கிலும் கிழக்கிலும் நிலந் துப்புரவாக்கும் பணி நடந்து வருகின்றது. ஊர்தியின் அடியைக் காக்கக் கற்ற மனிதன், நடப்பவன் அடியையுங் காத்தபோதே அக்கல்வி நிறைவுறும்.