செயலி போய்விட்டது... நம் தகவல் திரும்பி வந்ததா?

2020 ஜூன் 29 இரவு. டிக்டாக், ஹலோ, ஷேர்இட், யூசி பிரவுசர், கேம்ஸ்கேனர் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. எல்லாமே சீனத் தொடர்பு உள்ளவை. பயனாளர்களின் தகவல்களைத் திருட்டுத்தனமாக எடுத்து, நாட்டுக்கு வெளியே உள்ள சர்வர்களுக்கு அனுப்புவதாகப் புகார்கள் வந்திருக்கின்றன என்று அரசு காரணம் சொன்னது. அதற்கு 2 வாரங்களுக்கு முன்புதான் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்திருந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். நாடே கொதித்துப்போயிருந்த நேரம். தடையைப் பெரும்பாலானோர் வரவேற்றார்கள்.

கிட்டத்தட்ட 3 ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில் ஃபோர்ப்ஸ் இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. தடைக்கு முன்பு டிக்டாக்கைப் பயன்படுத்திய இந்தியர்களின் தகவல்களை அந்த நிறுவனத்தின் ஊழியர்களும், தாய் நிறுவனமான பைட்டான்ஸின் ஊழியர்களும் இன்னமும் பார்க்க முடிகிறது என்பதே அந்தச் செய்தி. செயலியை நம் போனிலிருந்து எடுத்துவிட்டோம். அது எடுத்துக்கொண்டு போனவை போன இடத்திலேயே இருந்தன.

வெளிநாட்டுச் சமூக ஊடகங்களால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தா என்ற கேள்வி வரும்போதெல்லாம் இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும். தடை என்பது ஓர் இரவில் முடிகிற வேலை. தகவல் பாதுகாப்பு அப்படியல்ல.

மதுரையில் கேட்கப்பட்ட கேள்வி

இந்தியாவில் டிக்டாக் மீதான முதல் பெரிய நடவடிக்கை தமிழ்நாட்டில்தான் நடந்தது. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தச் செயலியைத் தரவிறக்கம் செய்வதைத் தடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆபாசக் காட்சிகள், குழந்தைகளுக்கு ஏற்படும் ஆபத்து ஆகியவையே அன்று நீதிமன்றத்தின் கவலை. கூகுளும் ஆப்பிளும் தங்கள் ஸ்டோரிலிருந்து செயலியை நீக்கின. ஏப்ரல் 24 அன்று அந்த இடைக்காலத் தடை விலக்கப்பட்டது. செயலி திரும்பி வந்தது.

அந்த விவாதம் முழுவதும் திரையில் என்ன தெரிகிறது என்பதைப் பற்றியே இருந்தது. திரைக்குப் பின்னால் செயலி எதை எடுக்கிறது, எங்கே வைக்கிறது, யாரிடம் காட்டுகிறது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. அது எழாமல் போனதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. சினிமா வாய்ப்போ தொலைக்காட்சித் தொடர்போ இல்லாத எளிய மக்களுக்கு டிக்டாக் ஒரு மேடை கொடுத்தது. உடன்குடி ஜி.பி.முத்துவைத் தமிழ்நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது அந்த மேடைதான். வயல் வரப்பிலும் தறிக்கூடத்திலும் நின்று ஆடிப் பாடியவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த மகிழ்ச்சிக்கு அவர்களுக்கே தெரியாமல் ஒரு விலை வாங்கப்பட்டது என்பதே என் ஆதங்கம்.

ஒரு 'அலோ' போதும்

அந்த விலை எப்படி வாங்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். செயலியை நிறுவியதும் 'உங்கள் நண்பர்களைக் கண்டறியுங்கள்' என்று ஒரு கட்டம் திரையில் வருகிறது. 'அலோ' என்று ஒரு தொடுதல். போனில் சேமித்து வைத்த எண்கள் அத்தனையும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடும்.

எடுத்துக்காட்டாக, ராணுவ வீரர் ஒருவரின் தங்கை அந்த அனுமதியைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் போனில் 'அண்ணன் லே', 'அண்ணன் பழைய நம்பர்', 'மேஜர் சார் வீடு', 'அண்ணி ஸ்கூல்' என்றெல்லாம் பெயர்கள் இருக்கும். அண்ணன் அந்தச் செயலியைக் கையால்கூடத் தொட்டிருக்க மாட்டார். ஆனாலும் அவருடைய எண்கள், அவர் பணிபுரியும் ஊர், அவருடைய மேலதிகாரி, மனைவி வேலை பார்க்கும் இடம் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. இப்படிப் பல லட்சம் போன்களின் பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்தினால் யார் யாருக்கு உறவு, யார் யாரிடம் வேலை செய்கிறார் என்ற வரைபடமே கிடைத்துவிடும். தங்கை கொடுத்தது அவருடைய தகவலை மட்டுமல்ல. அடுத்தவர்களின் தகவலையும் சேர்த்துத்தான்.

அனுமதி கேட்காமலே எடுக்கப்படுவதும் உண்டு. 2020 ஜூனில் ஆப்பிள் தனது ஐஓஎஸ் 14-இன் சோதனைப் பதிப்பை வெளியிட்டபோது, எந்தச் செயலியாவது கிளிப்போர்டைப் படித்தால் திரையில் அறிவிப்பு வரும்படி செய்திருந்தது. டிக்டாக்கில் தட்டச்சு செய்யும்போது அந்த அறிவிப்பு மீண்டும் மீண்டும் வந்தது. ஸ்பாம் பதிவுகளைத் தடுப்பதற்கான ஏற்பாடு என்று சொல்லி நிறுவனம் அதை நிறுத்திக்கொண்டது. வேறு பல பிரபலச் செயலிகளும் அப்போது அதேபோலப் பிடிபட்டன. பாஸ்வேர்டு, வங்கிக் கணக்கு எண், ஓடிபி என்று நாம் காப்பி செய்யும் எல்லாமே அந்தக் கிளிப்போர்டில்தான் இருக்கும்.

எந்த வீடியோவில் எத்தனை விநாடி நின்றோம், எதைத் தள்ளிவிட்டோம், நள்ளிரவில் எதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம் என்பதும் பதிவாகிறது. ஒருவரின் பயம், ஆசை, கோபம், அரசியல் சார்பு ஆகியவற்றை அவர் வாய் திறக்காமலே கணிக்க இது போதும்.

உரிமையாளர் யார் என்பது ஏன் முக்கியம்?

எல்லாச் செயலிகளும் தகவல் சேகரிக்கும்போது சீனச் செயலியை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சேகரித்த தகவலைக் கேட்டு வாங்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பதில் பதில் இருக்கிறது.

சீனாவின் 2017-ஆம் ஆண்டு தேசிய உளவுச் சட்டத்தின் 7-வது பிரிவு, அந்நாட்டு நிறுவனங்களும் குடிமக்களும் அரசின் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. பைட்டான்ஸின் பெய்ஜிங் நிறுவனத்தில் 2021-இல் அரசு சார்ந்த அமைப்பு ஒன்று 1 சதவீதப் பங்கும் இயக்குநர் குழுவில் ஓர் இடமும் பெற்றது. வீடியோக்களைப் பரிந்துரைக்கும் அல்காரிதம் போன்ற தொழில்நுட்பத்தை வெளிநாட்டுக்கு விற்க அரசின் அனுமதி வேண்டும் என்று 2020 ஆகஸ்ட்டிலேயே சீனா விதி கொண்டுவந்துவிட்டது.

சீன அரசுக்குத் தகவல் கொடுத்ததில்லை, கேட்டாலும் கொடுக்க மாட்டோம் என்று டிக்டாக் தொடர்ந்து மறுத்துவருகிறது. ஆனால், அதன் வாக்குறுதிகள் பொய்த்துப்போனதற்குச் சான்றுகள் இருக்கின்றன. நிறுவனத்துக்குள்ளிருந்து செய்தியைக் கசியவிட்டவர்களைக் கண்டுபிடிப்பதற்காகப் பத்திரிகையாளர்களின் டிக்டாக் கணக்குத் தகவல்களைத் தன் ஊழியர்கள் எடுத்துப் பார்த்ததை 2022 டிசம்பரில் பைட்டான்ஸே ஒப்புக்கொண்டது. 4 பேரை வேலையிலிருந்து நீக்கியது. ஐரோப்பியப் பயனாளர்களின் தகவல் எதையும் சீனாவில் சேமிக்கவில்லை என்று அயர்லாந்தின் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லிவந்த டிக்டாக், கொஞ்சம் தகவல் அங்கே சேமிக்கப்பட்டிருந்ததாக 2025 ஏப்ரலில் தெரிவித்தது. அடுத்த மாதமே 53 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. டிக்டாக் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்வதாக அறிவித்தது.

அமெரிக்கச் செயலி என்றால் பரவாயில்லையா?

டிக்டாக் போன இடத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள்? தடை வந்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவில் அறிமுகமானது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து வேறு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மாறினோம்.

சீனாவோடு நமக்கு எல்லைத் தகராறு இருக்கிறது, அமெரிக்காவோடு இல்லை. அந்த வேறுபாடு உண்மையானது. ஆனாலும், அமெரிக்க நிறுவனங்களின் சர்வர்களில் இருக்கும் வெளிநாட்டினரின் தகவல்களை அந்நாட்டு உளவு அமைப்பு பெற்றுவந்ததை 2013-இல் அதன் முன்னாள் ஒப்பந்த ஊழியர் எட்வர்ட் ஸ்நோடன் அம்பலப்படுத்தியிருக்கிறார். ஃபேஸ்புக் பயனாளர்களின் தகவலை அவர்களுக்குத் தெரியாமலே எடுத்துப் பயன்படுத்திய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தையும் மறந்துவிட முடியாது. ஃபேஸ்புக்கில் உலவிய ஒரு வினாடி வினா செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் வெறும் 335 பேர். நண்பர்கள் பட்டியல் வழியாகப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்கள் சுமார் 5.62 லட்சம் பேர் என்று ஃபேஸ்புக்கே 2018-இல் தெரிவித்தது. தங்கையின் போன் பற்றி மேலே சொன்னது கற்பனையான அச்சமல்ல என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

அந்நிய அரசு கேட்டுத்தான் ஆபத்து வர வேண்டும் என்பதும் இல்லை. ஓட்டப் பயிற்சியைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா ஓர் அமெரிக்கச் செயலி. தன் பயனாளர்கள் உலகம் முழுக்க ஓடிய பாதைகளை ஒளிக்கோடுகளாகக் காட்டும் வரைபடத்தை அது 2017 நவம்பரில் வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்தார். ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருண்டு கிடந்த பாலைவனங்களுக்கு நடுவே பளிச்சென்று சில கட்டங்கள் தெரிந்தன. ராணுவ முகாம்களின் மதில் ஓரமாக வீரர்கள் தினமும் ஓடிய தடங்கள் அவை. யாரும் உளவு பார்க்கவில்லை. யாரும் எதையும் திருடவில்லை. உடற்பயிற்சிக்கான ஒரு செயலி முகாம்களின் வடிவத்தை உலகத்துக்கே வரைந்து காட்டிவிட்டது.

நம் ராணுவத்துக்கு இது புரிந்திருக்கிறது. உளவுப் புகாரில் கடற்படையினர் சிலர் கைதான பிறகு, 2019 டிசம்பரில் கப்பல்களிலும் கடற்படைத் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்குத் தடை வந்தது, ஃபேஸ்புக்குக்கும் தடை. 2020 ஜூலையில் ராணுவம் தன் வீரர்களை 89 செயலிகளை நீக்கச் சொன்னது. அந்தப் பட்டியலில் சீனச் செயலிகளோடு ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் இருந்தன.

உள்நாட்டுச் செயலி என்ற முத்திரையும் தானாகப் பாதுகாப்பைத் தந்துவிடாது. டிக்டாக்குக்கு மாற்று என்று 2020-இல் கொண்டாடப்பட்ட 'மித்ரோன்' செயலியின் மூலக் குறியீடு தங்களிடம் வாங்கப்பட்டது என்று பாகிஸ்தானைச் சேர்ந்த க்யூபாக்ஸஸ் நிறுவனத்தின் நிறுவனர் சொன்னார். 2025 செப்டம்பரில் ஜோஹோவின் 'அரட்டை' செயலியில் மக்கள் திரண்டு சேர்ந்தபோது, எழுத்துச் செய்திகளை அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற முழு மறையாக்கம் அதில் இன்னும் வந்திருக்கவில்லை. தமிழ் மண்ணிலிருந்து ஒரு நிறுவனம் உலகத்தோடு போட்டியிடுவது பெருமைக்குரியது. அதனிடமும் எங்கள் தகவலுக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வியைக் கேட்பதுதான் அந்தப் பெருமைக்கு நாம் செய்யும் மரியாதை.

சட்டம் எங்கே நிற்கிறது?

அமெரிக்கா இதே டிக்டாக் பிரச்னையை வேறு விதமாக அணுகியது. 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பைட்டான்ஸ் தன் பிடியை விட வேண்டும், இல்லாவிட்டால் செயலி தடை செய்யப்படும் என்றது. டிக்டாக் நீதிமன்றம் போனது. 2025 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் காரணங்களை எழுதி, ஒருமனதாகச் சட்டத்தை உறுதிசெய்தது. பலமுறை கெடு நீட்டிக்கப்பட்டு, 2026 ஜனவரியில் அமெரிக்க டிக்டாக் ஒரு புதிய கூட்டு நிறுவனத்திடம் போனது. பைட்டான்ஸின் பங்கு 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அங்கேயும் அரசியல் புகுந்து விளையாடியது. ஆனால், வாதம் பொதுவெளியில் நடந்தது.

நம் ஊரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி தடை வந்தது. அந்த நடைமுறை ரகசியமானது. 59 செயலிகளில் எது என்ன தவறு செய்தது, எவ்வளவு தகவல் வெளியே போனது என்ற விவரம் மக்கள் முன் வைக்கப்படவில்லை. பாதிக்கப்பட்ட நமக்கு இழப்பின் அளவே தெரியாது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. அதற்கான டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர 2023 ஆகஸ்ட் ஆனது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை, ரூ.250 கோடி வரை அபராதம் ஆகியவை இந்தச் சட்டத்தின் பலம். அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள இடம் தரும் 17-வது பிரிவு இதன் பலவீனம். தடையாகி வெளியேறிய நிறுவனத்தின் கையில் இருக்கும் பழைய தகவல் பற்றி இதில் தனியாக எதுவும் இல்லை.

அரசிடம் கேட்க வேண்டியவை இவை. எந்தச் செயலியைத் தடை செய்தாலும், அது சேகரித்த தகவலை அழித்ததற்கான சான்று பெற வேண்டும். எந்த ஆபத்து என்பதை, பாதுகாப்பு ரகசியம் நீங்கலாக, மக்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார், தகவல் எந்த நாட்டுச் சர்வரில் இருக்கிறது என்பதைச் செயலியின் முதல் பக்கத்திலேயே தமிழிலும் அச்சிடச் சொல்ல வேண்டும். சீன நிறுவனத்திடம் கேட்கும் கணக்கை அமெரிக்க நிறுவனத்திடமும் இந்திய நிறுவனத்திடமும் கேட்க வேண்டும். அரசுத் துறைகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. போனின் செட்டிங்ஸில் 'பெர்மிஷன்' பகுதிக்குப் போய், கான்டாக்ட்ஸ், மைக், கேமரா, இருப்பிடம் ஆகியவற்றை எந்தெந்தச் செயலிகள் பார்க்கின்றன என்று பாருங்கள். தேவையில்லாததை மூடுங்கள். ராணுவம், காவல் துறை, அணுமின் நிலையம், துறைமுகம் போன்ற இடங்களில் வேலை செய்பவர் இருக்கும் வீடு என்றால், வீட்டில் உள்ள எல்லாருடைய போனிலும் இதைச் செய்யுங்கள். ஆனால், 140 கோடிப் பேரின் பாதுகாப்பைத் தனிமனிதரின் விழிப்புணர்வை நம்பி விட்டுவிட முடியாது. எல்லையைக் காப்பது அரசின் கடமை என்றால், அந்த எல்லையில் நிற்கும் வீரரின் பெயரும் எண்ணும் வீட்டு முகவரியும் யார் கையில் இருக்கின்றன என்று பார்ப்பதும் அதே கடமைதான்.