கடலடிக் கணக்கப்பிள்ளைகள்

பருவமழையின் பல்லாயிரம் ஆண்டு வரலாற்றைக் காத்து வைத்திருப்பவை மணல் துணுக்கு அளவேயான ஓடுகள். மாறிவரும் கடல் இப்போது அந்த ஓடுகளையே மெலிய வைக்கிறது.

ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் நாட்டின் பார்வை கேரளக் கரைமேல் பதிகிறது. தென்மேற்குப் பருவமழை எப்போது இறங்கும், எவ்வளவு பெய்யும் என்பதைப் பொறுத்தே விதைப்பும் அணைகளின் நீர்மட்டமும் பருப்பு விலையும் தீர்மானமாகின்றன. சில சமயம் ஆட்சியாளர்களின் தலையெழுத்தும்தான். இவ்வளவு முக்கியமான மழையைப் பற்றி நாடு தழுவிய முறையான பதிவுகள் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு மட்டுமே உள்ளன. இந்திய வானிலைத் துறையே 1875ல்தான் பிறந்தது.

அதற்கு முன்? கல்வெட்டுகளும் பஞ்சக் கதைகளும் கொஞ்சம் சொல்லும். மீதிக் கதையைச் சொல்ல வேறொரு சாட்சி இருக்கிறது. அரபிக் கடலின் அடியில் சேற்றோடு சேறாகக் கிடக்கும் சுண்ணாம்பு ஓடுகள்தான் அந்தச் சாட்சி.

இந்த ஓடுகளைக் கட்டுவது ஃபோராமினிஃபெரா என்ற உயிரினம். ஒரே ஒரு செல்தான் அதன் உடம்பு. கண் கிடையாது, மூளை கிடையாது. ஆனால் கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து அறை அறையாக வீடு கட்டிக்கொள்ளத் தெரியும். பெரும்பாலானவற்றின் அளவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கடலின் மேற்பரப்பில் மிதக்கும் வகைகள் சில வாரங்களே வாழ்கின்றன. உயிர் போனதும் காலி வீடு மெல்லக் கீழே இறங்கி அடித்தளத்தில் படிகிறது. அதன்மேல் அடுத்த ஆண்டின் ஓடுகள் படிகின்றன. அதற்கு மேல் அதற்கடுத்த ஆண்டின் ஓடுகள். நீண்ட குழாயைச் செங்குத்தாகச் செருகி இந்த வண்டலை எடுத்தால், மேலிருந்து கீழாகப் போகப்போகக் காலம் பின்னோக்கிப் போகும்.

காற்று எழுதிய கணக்கு

குளோபிஜெரினா புல்லாய்டிஸ் என்ற வகை குளிர்ந்த கடல்களில் வாழ்வது. வெப்பமண்டலத்து அரபிக் கடலில் அதற்கு வேலை இருக்கக்கூடாது. ஆனால் ஓமன், சோமாலியா கரையோரங்களில் ஆண்டுக்கு ஒருமுறை அது கூட்டம் கூட்டமாகப் பெருகுகிறது. காரணம் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை வலுவாக வீசும் தென்மேற்குக் காற்று மேல் நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. காற்று பலமாக அடித்த ஆண்டில் குளிர்நீர் அதிகம், புல்லாய்டிஸ் அதிகம். காற்று சோர்ந்தால் அதன் எண்ணிக்கையும் குறையும்.

ஆக, வண்டலின் ஒவ்வொரு அடுக்கிலும் இந்த ஓடுகளை எண்ணினால் அந்தக் காலத்துப் பருவக்காற்றின் வேகம் தெரிந்துவிடும். காரக்பூர் ஐஐடியைச் சேர்ந்த அனில் குப்தாவும் அமெரிக்க விஞ்ஞானிகள் டேவிட் ஆண்டர்சன், ஜொனாதன் ஓவர்பெக் ஆகியோரும் இதைத்தான் செய்தார்கள். கடந்த நான்கு நூற்றாண்டுகளில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வந்திருக்கிறது என்று 2002ல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு இன்னும் பின்னோக்கிப் போனார்கள். தொலைதூர வட அட்லாண்டிக் கடல் குளிர்ந்த காலங்களிலெல்லாம் இந்தியாவின் பருவக்காற்று சோர்ந்திருக்கிறது என்று ஓமன் கரையருகே எடுத்த வண்டல் காட்டிக்கொடுத்தது.

ஓட்டின் எண்ணிக்கை ஒரு கணக்கு என்றால், ஓட்டுக்குள் இருக்கும் ரசாயனம் இன்னொரு கணக்கு. ஆக்ஸிஜன் அணுவில் எடை குறைந்தது, எடை கூடியது என்று வகைகள் உண்டு. நீர் குளிரக் குளிர ஓட்டில் எடை கூடிய ஆக்ஸிஜனின் பங்கு ஏறும். அமெரிக்காவின் ஹெரால்டு யூரி 1940களில் இதைக் கண்டுணர்ந்தார். ஓடு ஒரு வெப்பமானியாயிற்று. 1976ல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்ற மூவர் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எடுத்த வண்டலைப் படித்து, பனியுகங்கள் வந்து போவதற்குத் தாளம் போடுவது சூரியனைச் சுற்றும் பூமியின் பாதையிலும் சாய்விலும் ஏற்படும் மாற்றங்களே என்று நிரூபித்தார்கள். அவர்கள் படித்த கணக்கு சுமார் 4,50,000 ஆண்டுகளுடையது.

சிந்து சமவெளி வீழ்ந்த கதையிலும் இந்த ஓடுகள் சாட்சி சொல்கின்றன. ஆற்று நீரில் எடை குறைந்த ஆக்ஸிஜன் அதிகம். சிந்து நதி கடலில் நிறையக் கொட்டிய காலத்து ஓடுகளில் அதன் அடையாளம் தெரியும். கராச்சிக்கு அப்பால் எடுத்த வண்டலை ஆராய்ந்து 2003ல் வெளியான ஆய்வு, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் நதியின் வரத்து குறைந்ததைக் காட்டியது. ஹரியானாவில் வற்றிப்போன கோட்லா தஹர் ஏரியின் நத்தை ஓடுகளும் ஏறக்குறைய அதே காலத்தில் கோடை மழை தளர்ந்ததை உறுதி செய்தன. அந்த ஆய்வு வந்தது 2014ல். கடலும் ஏரியும் தனித்தனியே சொன்ன சாட்சியம் ஒத்துப்போனது.

சுண்ணாம்புக்குத் தட்டுப்பாடு

இப்படிக் கணக்கு எழுதி வந்தவற்றுக்கே இப்போது சோதனை. நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதால் வெளியேறும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் விழுங்கிக்கொள்கிறது. காற்று சூடாவதை அது அந்த அளவுக்குத் தடுக்கிறது. ஆனால் இந்த உபகாரத்துக்கு விலை உண்டு. நீரில் கரைந்த வாயு கார்பானிக் அமிலமாகிறது. அந்த அமிலம் நீரிலுள்ள கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஓடு கட்டத் தேவையான அதே கார்பனேட்டை.

தொழிற்புரட்சிக்கு முன் கடல் மேற்பரப்பின் பிஎச் அளவு சுமார் 8.2. இன்று சுமார் 8.1. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் பூகம்பத்துக்கான ரிக்டர் அளவைப் போல இதுவும் மடங்குக் கணக்கு. அமிலத் தன்மை ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிட்டது என்பதே இதன் பொருள். கடல்நீர் அமிலமாகிவிடவில்லை, அதன் காரத்தன்மை குறைகிறது. ஓடு கட்டும் உயிருக்கு அதுவே போதும். கொத்தனாருக்குச் சுண்ணாம்புத் தட்டுப்பாடு வந்தது போல, அதே சுவரை எழுப்பக் கூடுதல் சக்தி செலவாகிறது.

விளைவு ஓடுகளிலேயே தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குத் தெற்கே பிடிக்கப்பட்ட இன்றைய புல்லாய்டிஸ் ஓடுகள், அதே பகுதியின் வண்டலில் கிடக்கும் பழைய ஓடுகளைவிட 30 முதல் 35 சதவீதம் எடை குறைந்தவை என்று 2009ல் தெரியவந்தது. அதே ஆண்டு மேற்கு அரபிக் கடல் பற்றியும் ஓர் ஆய்வு வந்தது. அங்கே வேறொரு வகையின் புது ஓடுகள் பழையவற்றைவிட மெல்லியவையாக இருந்தன. அதற்கு மனிதன் உண்டாக்கிய அமிலமா காரணம் என்று ஆய்வின் தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டிருந்தார்கள் விஞ்ஞானிகள். அந்த நிதானம் தேவைதான். வெப்பம், உணவு, உப்பின் அளவு எல்லாமே ஓட்டின் கனத்தைப் பாதிக்கும்.

2020ல் வந்த ஒப்பீடு இன்னும் அழுத்தமானது. பிரிட்டனின் சாலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிச் சேகரித்த மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. பசிபிக் கடலில் அன்று எடுத்த ஓடுகளையும், 2009க்குப் பின் டாரா என்ற பிரெஞ்சு ஆய்வுப் படகு எடுத்த ஓடுகளையும் எக்ஸ்-ரே கதிரால் ஊடுருவிப் பார்த்தார்கள். புதிய ஓடுகள் அனைத்துமே மெலிந்திருந்தன. அதிகபட்ச மெலிவு 76 சதவீதம்.

எல்லா உயிர்களும் ஒரே மாதிரி தளர்வதில்லை. 2009ல் அமெரிக்காவில் 18 வகை உயிர்களைக் கரியமில வாயு மிகுந்த நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். 10 வகைகளின் ஓடு வளர்ச்சி குறைந்தது. நண்டு, இறால் உள்ளிட்ட 7 வகைகள் ஏதோ ஒரு கட்டத்தில் கூடுதலாகவே கட்டின. ஒரு வகை அசைந்து கொடுக்கவில்லை. அதிகம் கட்டியவையும் தப்பித்தன என்று சொல்லிவிட முடியாது. ஓட்டுக்குப் போகும் சக்தி வளர்ச்சியிலிருந்தோ இனப்பெருக்கத்திலிருந்தோதான் வர வேண்டும்.

கரையேறிய கஷ்டம்

இது ஆய்வுக்கூடத்தோடு நிற்கும் கவலையல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நெட்டார்ட்ஸ் விரிகுடாவின் சிப்பிக் குஞ்சு பொரிப்பகத்தில் 2007லும் 2008லும் குஞ்சுகள் கோடிக்கணக்கில் செத்தன. முதலில் சந்தேகம் கிருமிமேல் விழுந்தது. குற்றவாளி கடல்நீர்தான் என்பது பிறகு தெரிந்தது. காற்றடிக்கும்போது அடியிலிருந்து மேலெழும் நீரில் கரியமில வாயு இயல்பாகவே அதிகம். மனிதன் சேர்த்த வாயுவும் அதோடு கூடியதால் எல்லை மீறிவிட்டது. பிறந்து இரண்டே நாளில் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டிய குஞ்சுகளால் அதைத் தாங்க முடியவில்லை. தொட்டி நீரில் சலவைச் சோடாவைக் கலந்து தொழிலைக் காப்பாற்றினார்கள். தொட்டிக்குச் சோடா கலக்கலாம், கடலுக்கு முடியாது.

பருவமழைக் காலத்தில் கேரளக் கரையிலும் அடிநீர் மேலே வருகிறது. அந்தக் கரையில் பாறைகளில் கல்லும்மக்காய் பறித்தும் காயல்களில் மட்டி அள்ளியும் பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் நடக்கும் மட்டித் தொழில், அளவறிந்து பிடிப்பதற்கான சர்வதேசச் சான்றிதழை 2014ல் வாங்கியது. இந்தியாவில் அந்தப் பெருமை பெற்ற முதல் மீன்பிடித் தொழில் அது. எவ்வளவு அள்ளலாம் என்பதைத் தொழிலாளிகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்யலாம். நீரின் குணம் அவர்கள் கையில் இல்லை.

வெற்றுப் பக்கம்

கடல் இதற்கு முன்னும் இப்படிக் கெட்டதுண்டு. சுமார் 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெருமளவு கரி காற்றிலும் கடலிலும் கலந்து பூமி சூடேறியது. தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் மேட்டில் 2003ல் துளையிட்டபோது அந்தக் காலத்து அடுக்கு அகப்பட்டது. வெள்ளைச் சுண்ணாம்பு வண்டல் திடீரென நின்று சிவப்புக் களிமண்ணாகிறது. ஓடுகள் கரைந்து போயிருந்தன. ஆழ்கடல் ஃபோராமினிஃபெராக்களில் 30 முதல் 50 சதவீத வகைகள் அப்போது அடியோடு அழிந்தன. கடல் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அன்று அந்தக் கரி கலக்கப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இன்று சில நூற்றாண்டு வேலையாக நடக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓட்டிலுள்ள மக்னீசியத்தின் அளவை வைத்தும் பழைய கடலின் வெப்பத்தைக் கணிக்கிறார்கள். ஓடு கரையத் தொடங்கினால் மக்னீசியம் நிறைந்த பகுதிகள்தான் முதலில் போகும். மிஞ்சியது, கடல் உண்மையில் இருந்ததைவிடக் குளிர்ந்திருந்ததாகப் பொய்சாட்சி சொல்லும். கரைந்த ஓடுகளை அடையாளம் கண்டு ஒதுக்குவதும் கணக்கைத் திருத்துவதும் ஆய்வாளர்களுக்குக் கூடுதல் வேலையாகிவிட்டது.

பருவமழை இன்று காட்டும் போக்கு வழக்கமான ஏற்ற இறக்கமா, இதுவரை காணாததா என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டு மழைமானிக் கணக்கு போதாது. பல்லாயிரம் ஆண்டுக் கணக்கு அரபிக் கடலின் சேற்றில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தொடர்ந்து எழுதிவரும் உயிர்களின் ஓடு மெலிவது நிற்க வேண்டுமானால், புகைபோக்கிகளிலிருந்து வரும் கரியமில வாயு குறைய வேண்டும். அதற்குக் குறுக்கு வழி இல்லை.