தேடுபொறி: சரக்கு யாருடையது, கணக்கு யாரிடம்?

2006 ஆகஸ்டில் அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல், ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படட்டும் என்று ஒரு கோப்பைப் பொதுவில் வைத்தது. சுமார் 6.5 லட்சம் பயனர்கள் மூன்று மாதத்தில் தேடிய ஏறக்குறைய 2 கோடித் தேடல்கள் அதில் இருந்தன. பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தார்கள். ஓர் எண்ணுக்குரியவர் விரல் மரத்துப்போவது பற்றித் தேடியிருந்தார். 60 வயதுத் தனி ஆண்களைத் தேடியிருந்தார். கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும் நாயைப் பற்றித் தேடியிருந்தார். தம் ஊரில் தோட்டம் அமைத்துத் தருபவர்கள் யார், தம் குடும்பப் பெயர் கொண்டவர்கள் யார் யார் என்றும் பார்த்திருந்தார். நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் இருவர் இவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே அந்தப் பெண்மணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஏஓஎல் மன்னிப்புக் கேட்டுக் கோப்பை நீக்கியது. அதன் தொழில்நுட்பத் தலைவர் பதவி விலகினார். ஆனால் அதற்குள் கோப்பைப் பலர் பிரதி எடுத்துவிட்டார்கள். பெயரே இல்லாவிட்டாலும், ஒருவருடைய தேடல்கள் ஓர் எண்ணின்கீழ் சேர்ந்துவிட்டால் அதுவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அன்றைக்கு அம்பலமானது.

மருத்துவரிடம் சொல்லக் கூசுவதைக்கூடத் தேடுபொறியிடம் தயங்காமல் கேட்கிறோம். கேட்டதைக் குறித்துவைக்காத தேடுபொறி ஒன்று வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு இன்று பல தேடுபொறிகள் இருக்கின்றன. விளம்பர வாசகங்களைத் தள்ளிவைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்டால் அவற்றின் தராதரம் பெரும்பாலும் விளங்கிவிடும். நாம் தட்டுவது எங்கெங்கே போகிறது? பதில் எங்கிருந்து வருகிறது? பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு சொல்லைத் தட்டினால்

'தைராய்டு மாத்திரை பக்கவிளைவு' என்று தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று சொற்களோடு உங்கள் இணைப்பின் ஐபி முகவரி, பிரவுசரின் பெயர், கைபேசியின் வகை, மொழி, நேரம் எல்லாம் தேடுபொறியின் சர்வருக்குப் போகின்றன. ஏற்கெனவே அங்கே போயிருந்தால், அது உங்கள் பிரவுசரில் விட்டுவைத்த குக்கி என்ற அடையாளக் குறிப்பும் கூடவே போகும். கணக்கில் உள்நுழைந்திருந்தால் கேட்கவே வேண்டாம், பெயரே போய்விடும்.

இவற்றில் ஐபி முகவரியை மட்டும் தவிர்க்க முடியாது. பதிலை எங்கே அனுப்புவது என்று சர்வருக்குத் தெரிந்தாக வேண்டுமே! தனியுரிமை காப்பதாகச் சொல்லும் தேடுபொறிக்கும் அது போய்ச் சேரத்தான் செய்யும். பதில் கொடுத்த பிறகு அதைத் தேடலோடு சேர்த்துப் பதிந்துவைக்கிறதா, விட்டுவிடுகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

கூகுள் பதிந்துவைக்கும். 2020 ஜூனுக்குப் பிறகு தொடங்கிய கணக்குகளில் தேடல் வரலாறு 18 மாதத்தில் தானாக அழியும்படி அமைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே கணக்கு வைத்திருந்தவர்கள் தாங்களே அமைப்புகளுக்குள் போய் மாற்றிக்கொண்டால்தான் உண்டு. பிரவுசரின் 'இன்காக்னிட்டோ' முறையில் தேடினால் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அதில் தேடினால் நம் கைபேசியில் வரலாறு தங்காது, அவ்வளவுதான். எதிர்முனையில் பதிவதை அது தடுக்காது. இது தொடர்பாக 2020இல் அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், சேர்த்துவைத்த பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

கிடங்கு இரண்டு, கடைகள் பல

இணையத்தில் உள்ள பக்கங்களை ஒரு நிரல் ஓயாமல் படித்துக்கொண்டே போகும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அட்டவணை போட்டுவைக்கும். நாம் தேடும்போது தேடுபொறி புரட்டுவது இந்த அட்டவணையைத்தான். இதை உருவாக்கி அன்றாடம் புதுப்பிக்க ஏராளமான சர்வர்களும் பணமும் வேண்டும். ரஷ்யாவின் யாண்டெக்ஸ், சீனாவின் பைடு ஆகியவற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், உலகளவில் பெரிய அட்டவணைகள் கூகுளிடமும் மைக்ரோசாஃப்டின் பிங்கிடமும்தான் இருக்கின்றன. மாற்றுத் தேடுபொறிகளில் பல, இந்த இரண்டு கிடங்குகளிலிருந்து மொத்தமாகச் சரக்கெடுத்துத் தங்கள் பெயர்ப்பலகையில் விற்கும் கடைகள்தாம்.

2008இல் பென்சில்வேனியாவில் கேப்ரியல் வைன்பெர்க் தொடங்கிய டக்டக்கோ, இணைப்புகளைப் பெரும்பாலும் பிங்கிடமிருந்து வாங்குகிறது. விக்கிப்பீடியா போன்ற வேறு மூலங்களையும் சேர்த்துக்கொள்கிறது. 2009இல் பெர்லினில் தொடங்கிய எக்கோசியாவும், 2013இல் வந்த பிரான்சின் குவாண்டும் பிங்கை நம்பியே வளர்ந்தவை. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ், கூகுளுக்குப் பணம் கொடுத்து அதன் முடிவுகளை வாங்கித் தருவதால் பெயர்பெற்றது. 2024 மே 23 அன்று பிங்கில் கோளாறு ஏற்பட்டபோது டக்டக்கோவும் எக்கோசியாவும் கூடவே படுத்துவிட்டன. யார் யாரிடம் வாங்குகிறார்கள் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறரிடம் வாங்கித் தருவதாலேயே தனியுரிமை கெட்டுவிடாது. நம் கேள்வியைத் தன் சர்வரிலிருந்து, தன் பெயரில் டக்டக்கோ பிங்கிடம் கேட்கிறது. பிங்குக்குக் கேள்வி தெரியும், கேட்டவர் யார் என்று தெரியாது. ஸ்டார்ட்பேஜ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு முடிவின் அருகிலும் 'அடையாளம் மறைத்துப் பார்க்க' ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தத் தளத்தையும் ஸ்டார்ட்பேஜின் சர்வரே திறந்து நமக்குக் காட்டும்.

கிடங்குக்காரர் கதவைச் சாத்திவிட்டால்தான் சிக்கல். 2025 ஆகஸ்டு 11 அன்று, பிற நிறுவனங்கள் பிங் முடிவுகளை வாங்கப் பயன்படுத்திவந்த பொதுச் சேவையை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தனி ஒப்பந்தம் வைத்திருந்த பெரியவர்கள் தப்பினார்கள்; சிறியவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. சொந்த அட்டவணை வைத்திருப்பவர்களின் அருமை இங்கேதான் தெரிகிறது. இங்கிலாந்தின் மோஜீக் 2004இலிருந்து தானே பக்கங்களைத் திரட்டி வருகிறது. பிரவுசர் நிறுவனமான பிரேவ், கிளிக்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் தேடல் தொழில்நுட்பத்தை 2021இல் வாங்கித் தன் தேடுபொறியைக் கட்டியது. 2023இல் பிங்கின் துணையையும் விட்டுவிட்டது. எக்கோசியாவும் குவாண்டும் ஐரோப்பாவுக்கென்று ஓர் அட்டவணையைக் கூட்டாக உருவாக்கப்போவதாக 2024 நவம்பரில் அறிவித்தன.

பணம் எங்கிருந்து?

நம்மைப் பற்றித் தெரியாமல் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்க முடியுமா? முடியும். 'மிதிவண்டி' என்று தேடுபவருக்கு மிதிவண்டி விளம்பரம் காட்ட அவருடைய வயதோ, நேற்றுத் தேடியதோ தேவையில்லை. தட்டிய சொல்லே போதும். டக்டக்கோவும் ஸ்டார்ட்பேஜும் இப்படித்தான் பிழைக்கின்றன. ஆனால் அந்த விளம்பரத்தைச் சொடுக்கினால் கதை மாறும். டக்டக்கோவின் விளம்பரங்களைத் தருவது மைக்ரோசாஃப்ட். சொடுக்கிய நொடியில் உங்கள் முழு ஐபி முகவரி அங்கே போகும். விளம்பரதாரரிடம் கட்டணம் வசூலிக்க அது வேண்டும். அதை வைத்து ஆளைப் பற்றிய குறிப்பு எதுவும் சேர்ப்பதில்லை என்பது உறுதிமொழி.

ஒப்பந்தங்கள் எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு 2022 மே மாதம் ஓர் உதாரணம் கிடைத்தது. டக்டக்கோவின் கைபேசி பிரவுசர், பிற தளங்களில் கண்காணிக்கும் நிரல்களைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டது. மைக்ரோசாஃப்டின் சில நிரல்களை மட்டும் அது கண்டுகொள்ளாமல் விட்டதை ஓர் ஆய்வாளர் வெளிக்கொணர்ந்தார். தேடல் ஒப்பந்தம்தான் காரணம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் அதைச் சரிசெய்தது. தேடுபொறியில் தட்டியவை கசியவில்லை. ஆனாலும் சரக்குத் தருபவரிடம் எவ்வளவு கறாராக இருக்க முடியும் என்ற கேள்வி எழுந்துவிட்டது.

விளம்பரமே வேண்டாம் என்றால் நாம்தான் பணம் கட்ட வேண்டும். காகி என்ற தேடுபொறி அந்த வழி. மாதம் 5 டாலருக்கு 300 தேடல்கள், 10 டாலருக்கு எத்தனை வேண்டுமானாலும். பணம் கட்டக் கணக்கு வேண்டும். கணக்கு இருந்தால் தேடுபவர் யார் என்று தெரிந்துவிடுமே? இதற்காக 2025இல் காகி ஒரு மறையாக்க முறையைக் கொண்டுவந்தது. கணக்கிலிருந்து ஒரு கட்டு டோக்கன்களை முதலிலேயே வாங்கிக்கொள்ளலாம். பிறகு தேடும்போது ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். டோக்கன் செல்லுமா, செல்லாதா என்று சர்வருக்குத் தெரியும். யாருக்குக் கொடுத்தது என்று தெரியாது.

கணினி கைவந்தவர்களுக்கு சர்க்ஸ்என்ஜி என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டால் பல தேடுபொறிகளிடம் கேட்டு முடிவுகளைத் தொகுத்துத் தரும். பிறர் நடத்தும் சர்வரில் பயன்படுத்தினால் அந்தப் பிறரை நம்ப வேண்டியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

தமிழில் தேடினால்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும், தமிழில் தட்டினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். நம் மொழியில் மதுரை, மதுரைக்கு, மதுரையிலிருந்து என்று ஒரு சொல் வேற்றுமை ஏற்று வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். இவை எல்லாம் ஒரே ஊர்தான் என்று தெரியாத தேடுபொறி, எழுத்துக்கு எழுத்து பொருந்தும் பக்கங்களை மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடும். 'மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில்' என்று ஒருமுறையும், 'மதுரை ராமேஸ்வரம் ரயில்' என்று ஒருமுறையும் தேடிப் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே முடிவு வந்தால் அந்தத் தேடுபொறிக்குத் தமிழ் ஓரளவு பிடிபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். சிறிய அட்டவணை வைத்திருப்பவர்கள் தமிழ்ப் பக்கங்களையும் குறைவாகவே திரட்டியிருப்பார்கள் என்பதால் இந்தச் சோதனை அவசியம்.

'அருகில் மருந்துக்கடை' வகைத் தேடல்களிலும் குறை தெரியும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பின்தொடராத தேடுபொறிக்கு 'அருகில்' எது என்று எப்படித் தெரியும்? ஐபி முகவரியை வைத்து ஊரைத் தோராயமாக ஊகிக்கும், அதுவும் பல நேரம் தவறும். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் சேர்த்துத் தட்டினால் சரியாகிவிடும்.

எதை எடுப்பது?

எல்லாருக்கும் பொருந்தும் ஒன்று இல்லை. கூகுள் முடிவுகளை விட மனமில்லாதவருக்கு ஸ்டார்ட்பேஜ். அன்றாட வேலைக்கு, பழகக் கஷ்டமில்லாமல், டக்டக்கோ. பெரிய நிறுவனங்களைச் சாராத முடிவு வேண்டுமென்றால் பிரேவ் அல்லது மோஜீக். செலவழிக்கத் தயாரென்றால் காகி. கிடைக்காததற்கு மட்டும் கூகுளுக்குப் போய்க்கொள்ளலாம். டக்டக்கோவில் ஆச்சரியக்குறியை அடுத்து ஆங்கில ஜி எழுத்தைச் சேர்த்துத் தட்டினால் அந்தத் தேடல் கூகுளிலேயே திறக்கும். அந்த ஒரு தேடல் கூகுளுக்கு நேரடியாகத் தெரியும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

தேடுபொறியை மாற்றுவதால் எல்லாம் மறைந்துவிடாது. நீங்கள் எந்தத் தேடுபொறிக்குப் போகிறீர்கள் என்பது இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்குத் தெரியும். தட்டிய சொல் தெரியாது. முடிவைச் சொடுக்கிப் போய்ச் சேரும் தளம் தன் பங்குக்குக் கண்காணிக்கும். அலுவலகக் கணினியில் தேடினால் அலுவலகம் பார்க்க வாய்ப்புண்டு.

பிரவுசர்களிலும் கைபேசிகளிலும் தன்னையே முதல் தேடுபொறியாக வைத்திருக்க 2021இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்றத்தில் அதன் மீது நடந்த ஏகபோக வழக்கில் வெளியானது. அந்த வழக்கில்தான் 2024 ஆகஸ்டில், தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். கைபேசியோடு வந்த தேடுபொறியை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளும் நம் சோம்பலுக்குத்தான் இவ்வளவு விலை. பிரவுசரின் அமைப்புகளில் 'தேடுபொறி' என்ற பகுதியைத் திறந்து வேறொன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பிடிக்காவிட்டால் திரும்ப மாற்றவும் அவ்வளவு நேரம்தான்.