ஓய்வுக்காலத்தில் ஒரு கேமரா: கைக்கும் கண்ணுக்கும் ஏற்றதைத் தேர்வு செய்வது எப்படி?

முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்தவருக்கு, ஓய்வுக்குப் பிறகு பகல் பொழுது மிக நீளமாகத் தெரியும். ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்தால் லுஹர் வரை என்ன செய்வது என்ற கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. சிலருக்கு இளவயதிலேயே புகைப்படத்தின் மீது ஆசை இருந்திருக்கும். குடும்பப் பொறுப்புகளில் அது தள்ளிப் போயிருக்கும். பணிக்கொடை கைக்கு வந்ததும், அல்லது வளைகுடாவில் இருக்கும் மகன் “அத்தா, உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டதும் அந்த ஆசை திரும்ப எழுகிறது.

ஆனால், விலை கூடியதே நல்லது என்று நினைத்துக் கனமான கேமராவையும் அதைவிடக் கனமான லென்ஸையும் வாங்கிவிடுபவர்கள் உண்டு. இரண்டு மாதம் தோளில் தொங்கும். பிறகு பீரோவுக்குள் போய்விடும். ஓய்வுக்காலச் சேமிப்பு திரும்பச் சம்பாதிக்க முடியாத பணம். அது வீண்விரயமாகாமல் இருக்க, கடைக்குப் போகும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

மிரர்லெஸ் என்றால் என்ன?

பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. ஒளி நேராகச் சென்சாரில் விழுகிறது. அங்கிருந்து வரும் காட்சியை வியூஃபைண்டருக்குள் உள்ள சிறிய மின்திரையில் பார்க்கிறோம். 2008இல் பானசோனிக் ஜி1 வந்த பிறகு இந்த வகை பரவலானது. இன்று கேனான், நிக்கான், சோனி ஆகிய மூன்றும் தங்கள் புதிய கேமராக்களை இந்த வகையிலேயே கொண்டுவருகின்றன.

கண்ணுக்கு என்ன லாபம்?

வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இந்த மின் வியூஃபைண்டர் பெரிய வசதி. அதன் ஓரத்தில் உள்ள சிறிய டயாப்டர் சக்கரத்தைத் திருப்பி, நம் பார்வைக்கு ஏற்றபடி தெளிவாக்கிக் கொள்ளலாம். எடுத்த படத்தையும் மெனுவையும் அதற்குள்ளேயே பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. படம் இருட்டாக வருமா, வெளிறிப்போகுமா என்பதும் எடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

எனவே வியூஃபைண்டர் இல்லாத கேமராவைத் தவிர்ப்பது நல்லது. நிக்கான் இசட்30, சோனி இசட்வி-ஈ10 போன்றவை வீடியோ எடுப்பவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் பின்புறத் திரை மட்டுமே உண்டு. நம் ஊர் வெயிலில் அந்தத் திரையில் எதுவும் சரியாகத் தெரியாது.

எடையை முதலில் பாருங்கள்

கேனான் ஆர்50 கேமரா பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 375 கிராம். அதன் 18-45 கிட் லென்ஸ் 130 கிராம். மொத்தம் அரை கிலோ. சோனி ஏ7 IV கேமராவும் 24-70 எஃப்2.8 ஜிஎம் II லென்ஸும் சேர்ந்தால் ஏறக்குறைய 1.35 கிலோ. இரண்டாவது ஜோடி தரத்தில் உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கழுத்து வலியும் தோள் வலியும் உள்ளவர் அதை எத்தனை நாள் சுமப்பார்?

வாங்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒன்றேகால் கிலோ சர்க்கரையைத் தோள்பையில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடங்கள். மறுநாள் அரை கிலோவுடன் நடங்கள். எது தோதானது என்பதை உடம்பே சொல்லிவிடும்.

சென்சார் அளவு

ஃபுல்ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ. ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5×15.6 மி.மீ.; கேனானில் சற்றுச் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13 மி.மீ. சென்சார் பெரிதானால் குறைந்த வெளிச்சத்தில் படம் சுத்தமாக வரும். கூடவே லென்ஸின் கனமும் விலையும் ஏறும். பொழுதுபோக்குக்கு ஏபிஎஸ்-சி நடுநிலையான தேர்வு.

பறவைகள் மீது ஆசை உள்ளவர் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸையும் யோசிக்கலாம். குளிர்காலத்தில் கோடியக்கரைக்கு வரும் பூநாரைகளைத் தூரத்திலிருந்து எடுக்க நீண்ட லென்ஸ் வேண்டும். ஒலிம்பஸ் 75-300 லென்ஸ் 423 கிராம்தான். ஃபுல்ஃபிரேம் கணக்கில் அது 600 மி.மீ. வரை எட்டும். அதே எட்டுள்ள சோனி 200-600 லென்ஸ் இரண்டு கிலோவுக்கு மேல். ஒலிம்பஸ் லென்ஸுக்கு நல்ல வெளிச்சம் தேவை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கை நடுக்கம்

வயதில் கை லேசாக நடுங்குவது இயல்பு. சில கேமராக்களில் சென்சாரே அசைந்து அந்த நடுக்கத்தை ஈடுகட்டும். ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் IV, ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-எஸ்20 ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. கேனான் ஆர்50, சோனி ஏ6400 ஆகியவற்றில் இல்லை. அவற்றுக்கு நடுக்கம் தடுக்கும் லென்ஸாகப் பார்த்து வாங்க வேண்டும். ஓடும் பேரப்பிள்ளையின் அசைவை இந்த வசதி நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும்.

லென்ஸுக்குப் பணம் ஒதுக்குங்கள்

கேமரா பாடி சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் நீண்ட காலம் உழைக்கும். ஒரு நிறுவனத்தின் லென்ஸ் பொதுவாக இன்னொன்றின் கேமராவில் பொருந்தாது என்பதால், கேமரா வாங்கும்போதே அதற்கு என்னென்ன லென்ஸ் கிடைக்கிறது என்று பாருங்கள். கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளியின் கல்தூண்களை எடுக்க ஆசைப்படுபவருக்கு அகலக் கோண லென்ஸ் வேண்டும். குடும்பத்தாரின் முகங்களை எடுக்க எஃப்1.8 பிரைம் லென்ஸ் ஒன்று போதும். எது தேவை என்று தெரியாவிட்டால், கைப்பேசியில் கடந்த ஓராண்டில் எடுத்த படங்களைப் புரட்டிப் பாருங்கள். எதை அதிகம் எடுத்திருக்கிறீர்களோ அதற்கேற்ற லென்ஸை வாங்குங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

- துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வாங்கி வந்தால், அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள். சுங்க வரம்பைத் தாண்டினால் வரியும் கட்ட நேரும்.
- இங்கே வாங்கினால் ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள்.
- பழைய லென்ஸ் வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.
- மிரர்லெஸ் கேமராவில் பேட்டரி சீக்கிரம் தீரும். இரண்டாவது பேட்டரி அவசியம்.
- கடலோர ஊர்களில் ஈரக்காற்று லென்ஸைக் கெடுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கேமரா கையில் வந்தபின் ஒரு ஒழுக்கமும் வேண்டும். நிக்காஹ் வீட்டிலோ குடும்ப விருந்திலோ அனுமதி கேட்காமல் யாரையும், குறிப்பாகப் பெண்களையும் குழந்தைகளையும் எடுக்காதீர்கள். அனுமதித்தவரின் படத்தையும் அவரைக் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சத்தமில்லாத ஷட்டர் உள்ள கேமராவில் படம் எடுப்பது மற்றவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் இந்தப் பொறுப்பு கூடுதலாகிறது.

முதல் மாதம் தூரப் பயணம் எதுவும் வேண்டாம். இடிக்கப்படவிருக்கும் பாட்டன் வீடு, அதன் திண்ணை, முற்றம், தறியில் உட்கார்ந்திருக்கும் அண்டை வீட்டுப் பெரியவர் என்று பக்கத்தில் இருப்பதை எடுங்கள். மாதம் நான்கு படங்களை அச்சிட்டு, பின்புறம் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து உங்கள் பேரப்பிள்ளைகள் தேடப்போவது அந்தப் படங்களைத்தான்.