அச்சுக்கூடத்தின் பிள்ளை, காக்பிட்டின் பிள்ளை

எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போன மாதம் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேன். பேத்தியின் கல்லூரி விண்ணப்பத்துக்காக ஒரு பெரியவர் அங்கே காத்திருந்தார். கணினியில் தட்டிக்கொண்டிருந்த பெண் திரும்பி, "தாத்தா, லாஸ்ட் நேம் கேக்குது. என்ன போடட்டும்?" என்றாள்.

"அதான் இனிஷியல் இருக்கேம்மா. கே."

"ஒத்த எழுத்தை ஏத்துக்க மாட்டேங்குது தாத்தா. மூணாவது வேணுமாம்."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தேன். கடைசியில் அந்தப் பெண் 'கே'யை மூன்று முறை தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். நாளைக்கு அந்தப் பிள்ளையின் அடையாள அட்டையில் என்ன பெயர் அச்சாகி வருமோ, தெரியாது.

இத்தனைக்கும் பக்கம் லட்சணமாகவே இருந்தது. இளநீலப் பின்னணி, வரிசை பிசகாத பெட்டிகள், முனை மழுங்கிய பட்டன்கள். வெப் டிசைனர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். நடக்காமல் போனது இன்னொருவருடைய வேலை. அந்த இன்னொருவரைத்தான் யு.எக்ஸ். டிசைனர், அதாவது பயனர் அனுபவ வடிவமைப்பாளர் என்கிறார்கள். ரெண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் ஆள் எடுக்கும் கம்பெனிகளிலேயே இருக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. இரண்டு பேருமே திரை முன்னால் உட்கார்ந்து பெட்டி பெட்டியாக வரைகிறவர்கள்தான். ஆனால் இரண்டு தொழிலும் பிறந்த வீடு வேறு. ஒன்று அச்சுக்கூடத்துப் பிள்ளை. மற்றது போர் விமானத்தின் காக்பிட்டில் பிறந்தது.

அச்சுக்கூடத்துக் கதை நமக்குக் கொஞ்சம் தெரிந்ததுதான். 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய முதல் இணையதளத்தில் எழுத்தும் சுட்டிகளும் தவிர வேறொன்றும் கிடையாது. 1993-ல் மொசைக் பிரவுசர் வந்து எழுத்துக்கு நடுவிலேயே படங்களைக் காட்டத் தொடங்கியதும், பத்திரிகைக்கும் விளம்பரத்துக்கும் பக்கம் வடிவமைத்தவர்கள் உள்ளே நுழைந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு இணையப் பக்கமும் ஒரு காகிதம். ஆனால் ஒரு படத்தை இடமிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைக்க, இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியில் நேரான வழி இல்லை. எனவே குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். புள்ளிவிவரம் காட்டுவதற்கென இருந்த அட்டவணைக்குள் பக்கம் முழுவதையும் திணித்தார்கள். ஒரே ஒரு பிக்சல் அளவில் கண்ணுக்குத் தெரியாத படம் செய்து, அதை இழுத்து நீட்டி இடைவெளி நிரப்பினார்கள். அச்சுக் கோப்பவர்கள் ஈய எழுத்துகளுக்கு நடுவே வெற்றுக் கட்டை செருகுவார்களே, அதே வித்தை.

பக்கத்தின் தோற்றத்தைத் தனியாக எழுதிக்கொள்ள 1994-ல் ஹோகன் வியூம் லீ முன்வைத்த சி.எஸ்.எஸ்., 1996 டிசம்பரில் தரமாக அங்கீகாரம் பெற்றது. பிரவுசர்கள் அதை ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொள்ள மேலும் பல வருடங்கள் பிடித்தன. அந்தக் காலத்தில் தமிழ்ப் பத்திரிகைத் தளங்களைப் படித்தவர்களுக்கு வேறொரு தலைவலியும் நினைவிருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி ஃபாண்ட் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் திரை முழுக்கக் கிறுக்கல்.

பிறகு கைபேசி வந்தது. காகிதமே ரப்பராகிவிட்டது. ஒரே பக்கம் நான்கு அங்குலத் திரையிலும் தெரிய வேண்டும், நாற்பது அங்குல டிவியிலும் தெரிய வேண்டும். எந்தத் திரைக்கும் தானே மடங்கிக் கொடுக்கும் வடிவமைப்புக்கு 2010-ல் ஈதன் மார்க்காட் பெயர் சூட்டி இலக்கணமும் எழுதினார். இன்றைய வெப் டிசைனரின் நாள் இதில்தான் கழிகிறது. எந்த அகலத்தில் மூன்று பத்தி ஒரு பத்தியாக மடிய வேண்டும்? சாம்பல் எழுத்து வெள்ளைப் பின்னணியில் படிக்க முடிகிறதா? (சாதாரண அளவு எழுத்துக்கு ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல்.) தமிழுக்கு வேலை செய்பவருக்குக் கூடுதல் பாடு. ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் முடிகிற 'சப்மிட்', தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று ஒன்பது எழுத்தாக நீண்டு பட்டனைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மேலே கொக்கி வளையும் 'கீ'க்கும் கீழே இறங்கும் 'ழு'வுக்கும் இடம் விடாமல் ஆங்கில வரி இடைவெளியையே வைத்தால், இரண்டு வரிகள் ஒன்றையொன்று மிதிக்கும். இது கைவினை. கண்ணால் செய்கிற வேலை. இதை ஏளனமாகப் பேசும் யு.எக்ஸ். ஆட்களை எனக்குப் பிடிப்பதில்லை.

இனி காக்பிட். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விநோதமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கிவிடும். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, இறக்கையின் ஃபிளாப்பை மடக்க நினைத்த விமானி சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றில் தேய்ந்து நிற்கும். விமானியின் தவறு என்று எழுதிக் கோப்பை மூடிக்கொண்டிருந்தார்கள். ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் காக்பிட்டுக்குள்ளேயே போய்ப் பார்த்தார். ஃபிளாப்புக்கும் சக்கரத்துக்கும் ஒரே மாதிரி சுவிட்சுகள், பக்கத்தில் பக்கத்தில். சி-47 விமானத்தில் இரண்டும் அப்படி இல்லை. அதை ஓட்டியவர்கள் இந்தத் தவறைச் செய்யவும் இல்லை. சக்கரத்தின் கட்டுப்பாட்டில் சிறிய ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப்பின் கட்டுப்பாட்டில் ஆப்பு வடிவக் கட்டையையும் பொருத்தச் சொன்னார். இருட்டில் தடவினாலும் விரலுக்குத் தெரியும். அந்த வடிவங்கள் இன்றைய விமானங்களிலும் தொடர்கின்றன.

1947-ல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் இப்படிப்பட்ட 460 'விமானி தவறு' அனுபவங்களைத் திரட்டி அலசினார்கள். ஆளைத் திருத்துவதை விடக் கருவியைத் திருத்துவது மேல் என்ற எண்ணம் அங்கே வேர் பிடித்தது. ஃபிட்ஸ் அதோடு நிற்கவில்லை. இரண்டு உலோகத் தகடுகளை வைத்து, கையில் ஒரு கோலைக் கொடுத்து, மாறி மாறித் தொடச் சொல்லி நேரத்தைக் கணக்கிட்டார். 1954-ல் வெளியான அந்த முடிவு இன்று ஃபிட்ஸ் விதி. இலக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ, அவ்வளவு கடினம். தூரத்தை இரட்டிப்பாக்குவதும் அகலத்தைப் பாதியாக்குவதும் கைக்கு ஒரே கஷ்டம். பேருந்தில் தொங்கிக்கொண்டு ஒற்றைக் கட்டைவிரலால் டிக்கெட் எடுப்பவருக்கு 'பணம் செலுத்து' பட்டன் திரையின் அடியில் அகலமாக இருப்பது நிம்மதி தருவதற்குக் காரணம், தகட்டைத் தொட்டு நேரம் பார்த்த அந்தச் சோதனைதான்.

காக்பிட்டுக்கும் கணினிக்கும் பாலம் போட்டவர்களில் பெரிய பெயர் டான் நார்மன். உளவியல் பேராசிரியர். தள்ள வேண்டிய கதவை இழுத்துவிட்டு அசடு வழிகிறோமே, அந்த அசட்டுத்தனம் கதவுடையது, நம்முடையது அல்ல என்று 1988-ல் ஒரு புத்தகமே எழுதினார். 1993-ல் ஆப்பிளில் சேர்ந்தபோது, 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லைத் தன் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்பது வரை எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அடக்கம் என்பது அவர் கருத்து. திரை அதில் ஒரு துண்டுதான்.

வம்சம் வேறானதால் 'சரி' என்பதற்கு இருவரிடமும் அர்த்தம் வேறு. இதற்கு நான் சொல்லும் உதாரணம் இணையத்தில் நடந்ததே அல்ல. 2000 நவம்பர், அமெரிக்க அதிபர் தேர்தல். ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில் முதிய வாக்காளர்கள் அதிகம். அவர்கள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று வாக்குச்சீட்டில் எழுத்தைப் பெரிதாக்கினார் தேர்தல் அதிகாரி. நல்ல எண்ணம். எழுத்து பெரிதானதும் பத்து வேட்பாளர்களும் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. பெயர்களை இடப்பக்கம், வலப்பக்கம் என்று பிரித்து, பட்டாம்பூச்சியின் உடம்புபோல நடுவில் துளைகளை வரிசையாக வைத்தார்கள். இடப்பக்கத்தில் முதல் பெயர் புஷ், இரண்டாவது அல் கோர். இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துளை என்றுதானே கை போகும்? இரண்டாவது துளை, வலப்பக்கத்தில் முதலில் இருந்த பாட் புக்கானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது.

புக்கானனுக்குச் செல்வாக்கே இல்லாத அந்த மாவட்டத்தில் அவருக்கு 3,400-க்கும் மேல் வாக்கு விழுந்தது. அதில் தனக்கு உரியதல்லாத வாக்குகள் இருக்கும் என்று அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். தவறு தெரிந்து இன்னொரு துளையும் போட்டவர்கள் உள்பட, ஒன்றுக்கு மேல் துளையிட்டதால் செல்லாமல் போன சீட்டுகள் 19,000-க்கும் அதிகம். ஃபுளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 வாக்கில். ஃபுளோரிடாவோடு அதிபர் பதவியும் அவருக்குப் போனது.

அச்சுக்கூடத்துப் பிள்ளையிடம் அந்தச் சீட்டைக் கொடுத்தால் எழுத்தளவு நன்று, வரிசை நேர் என்பார். உண்மையும் அதுதான். மாதிரிச் சீட்டு முன்பே வெளியானபோது கட்சிக்காரர்களும் அதில் பிழை காணவில்லை. பார்த்தார்கள், யாரும் துளை போட்டுப் பார்க்கவில்லை. காக்பிட்டின் பிள்ளை ஐந்து முதியவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சீட்டும் ஊசியும் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு அவர்கள் கையைக் கவனித்திருப்பார்.

ஏன் ஐந்து? ஜேகப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல் வெளியிட்ட கணக்கு அது. அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில் ஒரு பயனரைக் கவனித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தட்டுப்பட்டன. அடுத்தவர் சில குறைகளில் முந்தையவர் இடறிய இடத்திலேயே இடறுவார். ஐந்தாவது ஆளிடம் வரும்போது சுமார் 85 சதவீதம் தேறிவிடுகிறது. இந்தக் கணக்கைச் சண்டைக்கு இழுப்பவர்கள் நிறைய. 31 என்பது சராசரி. உங்கள் தளத்துக்கு அது பொருந்த வேண்டியதில்லை. தவிர, ஐந்து பேரும் பக்கத்துக் கேபினில் உட்காரும் சக ஊழியர்கள் என்றால் பிரவுசிங் சென்டர் தாத்தாவின் இனிஷியல் அவர்கள் கண்ணில் படவே படாது.

இன்னொரு கதையை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்க ஆலோசகர் ஜாரெட் ஸ்பூல் 2009-ல் எழுதியது; கடையின் பெயரை அவர் வெளியிடவில்லை. பெரிய ஆன்லைன் கடை. கூடையை நிரப்பிவிட்டுப் பணம் கட்டப் போகும் இடத்தில் ஒரு சின்னப் படிவம்: மின்னஞ்சல், கடவுச்சொல், 'உள்நுழை', 'பதிவு செய்' என்று இரண்டு பட்டன்கள். திரையளவில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்களை உட்கார வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, புதியவர்களுக்கு 'பதிவு செய்' என்றாலே எரிச்சல். பழைய வாடிக்கையாளர்களுக்கு எந்த மின்னஞ்சலைக் கொடுத்தோம் என்றே ஞாபகமில்லை. அந்தப் பட்டனை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்து, கணக்குத் தொடங்காமலே வாங்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். முதல் வருடத்தில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர் என்கிறது ஸ்பூலின் கணக்கு. நிறம் மாறவில்லை, ஃபாண்ட் மாறவில்லை.

நம் ஊர் வேலை விளம்பரங்களில் நடுவில் ஒரு சாய்கோடு போட்டு 'யு.ஐ./யு.எக்ஸ். டிசைனர்' என்று கேட்பார்கள். (யு.ஐ. என்றால் திரையில் தெரியும் முகப்பு.) இரண்டு தலை, ஒரு சம்பளம். சேர்ந்த பிறகு காலையில் பேனர், மாலையில் இன்னொரு பேனர். பயனரைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால், "அதான் கிளையன்ட் எல்லாம் சொல்லிட்டாரே" என்பார்கள். சின்ன நிறுவனத்தில் ஒருவரே இரண்டும் செய்வதில் தப்பில்லை. நன்றாகச் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் ஒரு நாள் வரைவார்கள், மறுநாள் அதே படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் யாராவது தடுமாறுகிறார்களா என்று பார்ப்பார்கள். அந்த மறுநாளுக்குத்தான் விளம்பரத்தில் சம்பளம் கிடையாது.

அந்த லாஸ்ட் நேம் பெட்டிக்குத் தீர்வு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பிரிட்டிஷ் அரசு தன் துறைகளின் இணையப் பக்கங்களை 2012-லிருந்து ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தது. அதன் வடிவமைப்புக் கையேடு, பெயரைத் துண்டு துண்டாகக் கேட்க அவசியமில்லாத இடத்தில் 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டி வைக்கச் சொல்கிறது. இதை முடிவு செய்வது யு.எக்ஸ். டிசைனர். பெட்டியின் நீளம், எவ்வளவு எழுத வேண்டும் என்பதைச் சொல்லாமல் சொல்ல வேண்டும் என்றும் அதே கையேட்டில் உண்டு. இங்கே பந்து வெப் டிசைனரிடம் வருகிறது. எவ்வளவு நீளம்? 'மீனாட்சிசுந்தரம் பாலசுப்பிரமணியன்' என்று தட்டிப் பார்க்கட்டும். ஆங்கிலத்தில் நடு இடைவெளியோடு 33 எழுத்து.