தீயணைப்புத் தொண்டர்களுக்குக் கல்லூரிக் கட்டண விலக்கு

தீ விபத்து நேர்ந்த இடத்திற்கு மணியொலியுடன் விரைந்து வரும் வண்டியில் இருப்பவர்கள், அரசிடமோ நகராட்சியிடமோ மாதச் சம்பளம் பெறும் ஊழியர்கள் என்பதே இந்தியாவில் பொதுவாக அறியப்பட்ட நிலை. செல்வ வளம் மிக்க அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ தீயணைப்போரில் பெரும்பாலோர் சம்பளம் பெறாதவர்கள். கடைக்காரர், விவசாயி, ஆசிரியர், கல்லூரி மாணவர் எனப் பல திறத்தாரும் அழைப்பு வந்தவுடன் தம் வேலையை விட்டுத் தீயணைப்பு நிலையத்திற்கு விரைகின்றனர். அந்நாட்டின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் இருந்த சுமார் 10,41,000 தீயணைப்போரில் ஏறத்தாழ 6,77,000 பேர், அதாவது நூற்றுக்கு 65 பேர், தொண்டர்களே.

இவர்களைச் சேர்க்கவும் தக்கவைத்துக்கொள்ளவும் பல மாநிலங்கள் கையாளும் வழிகளுள் ஒன்று கல்லூரிக் கட்டணச் சலுகை. செய்த பணிக்குச் சம்பளம் தராமல், படிக்கும் படிப்புக்கு உதவும் இம்முறை எவ்வாறு இயங்குகிறது, அதன் பயனும் வரம்பும் யாவை என்பன ஆராயத்தக்கவை.

மரபும் தேய்வும்

பெஞ்சமின் பிராங்க்ளின் 1736ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் யூனியன் தீயணைப்புக் குழுவை அமைத்தார். அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் உதவுவதே அதன் அடிப்படை. நகரங்கள் பெருகியபோது இந்த ஏற்பாடு போதவில்லை. 1853இல் சின்சினாட்டி நகரம் சம்பளம் பெறும் தீயணைப்புத் துறையை அமைத்தது. பிற பெருநகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. சிறு ஊர்களில் மட்டும் தொண்டர் முறை நிலைத்தது.

இதற்கான பொருளாதாரக் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. ஓர் ஊழியர் வாரத்திற்கு 40 மணி நேரம் பணியாற்றுவதாகக் கொண்டால், ஒரே ஓர் இடத்தை இரவு பகலாக நிரப்ப நான்கு பேருக்கும் சற்று அதிகமானோர் தேவை. ஒரு வண்டிக்கு நால்வர் எனக் கணக்கிட்டால், விடுப்பைச் சேர்க்காமலே 17 ஊழியர்கள் வேண்டும். வாரத்தில் சில அழைப்புகள் மட்டுமே வரும் சிற்றூர் ஒன்று தன் சொத்து வரி வருவாயிலிருந்து இச்செலவைத் தாங்க இயலாது. ஆகவே அங்குத் தொண்டர் இல்லையேல் தீயணைப்பே இல்லை என்ற நிலை எழுகிறது.

அத்தொண்டர்களின் எண்ணிக்கைதான் குறைந்து வந்துள்ளது. 1984இல் 8,97,750 ஆக இருந்த இவ்வெண்ணிக்கை, 2020இல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதே வேளையில் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகள் 1980இல் 1 கோடியே 8 லட்சமாக இருந்து, 2020இல் 3 கோடியே 64 லட்சமாகப் பெருகின. இவற்றுள் பெரும்பாலானவை தீ பற்றியவை அல்ல. மருத்துவ உதவி கோருபவை.

தேய்வுக்குக் காரணங்கள் பல. மக்கள் வசிக்கும் ஊரில் வேலை இல்லாமல் தொலைவிலுள்ள நகரங்களுக்குச் சென்று வருகின்றனர். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்வதால் ஓய்வு நேரம் குறைந்துள்ளது. அடிப்படைப் பயிற்சிக்கே பல இடங்களில் 100 மணி நேரத்திற்கும் மேல் செலவிட வேண்டியுள்ளது. யாவற்றினும் முக்கியமாக, இளைஞர்கள் மேற்படிப்புக்காக ஊரை விட்டு வெளியேறுகின்றனர்; பலர் திரும்புவதில்லை. மிகச் சிறிய ஊர்களில் தீயணைப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் 40 வயதைக் கடந்தவர்களாய் இருப்பது இதன் விளைவேயாகும். கல்விச் சலுகை என்னும் கருத்து இச்சூழ்நிலையில் வலுப்பெற்றது.

சலுகையின் வகைகள்

மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடினும், திட்டங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கட்டணத்தைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்வது. நியூ ஜெர்சி மாநிலத்தின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. தீயணைப்பு, முதலுதவி, மீட்புக் குழுக்களின் தொண்டர்களும், அவர்களின் துணைவரும், அவர்களைச் சார்ந்த பிள்ளைகளும் மாவட்டக் கல்லூரிகளிலும் தொழிற்கல்வி நிலையங்களிலும் பயில, ஆண்டுக்கு 600 டாலர் வரை, நான்கு ஆண்டுகளில் மொத்தம் 2,400 டாலர் வரை சலுகை பெறலாம் என அச்சட்டம் வகுத்தது. தொண்டர் நான்கு ஆண்டுகள் பணியாற்ற உறுதி அளிக்க வேண்டும். வகுப்பில் இடம் இருந்தால் மட்டுமே சலுகை உண்டு.

இரண்டாம் வகை, தொழில் சார்ந்த படிப்புக்கு மட்டும் விலக்கு அளிப்பது. டெக்சாஸ் மாநிலத்தில் தீயியல் பாடங்களைப் பயிலும் தீயணைப்போருக்குப் பயிற்சிக் கட்டணமும் ஆய்வுக்கூடக் கட்டணமும் விலக்கப்படுகின்றன. குறைந்தது ஓராண்டு செயற்பட்டு, உரிய தகுதிச் சான்றும் பெற்ற தொண்டர்களுக்கும் இவ்விலக்கு உண்டு.

மூன்றாம் வகை, பணி நிபந்தனையுடன் கூடிய உதவித்தொகை. மேரிலாந்து மாநிலத்தின் சார்லஸ் ரைலி உதவித்தொகையைப் பெறுவோர், படிப்பு முடிந்த பின்னும் ஓராண்டு அம்மாநிலத்தில் பணியாற்றக் கடமைப்பட்டவர்கள்.

மத்திய அரசின் பங்கும் உண்டு. தீயணைப்பில் உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கும் உதவியில் தொண்டர்களும் அடங்குவர். 1998இல் அவர்களுடைய துணைவர், பிள்ளைகளின் கல்விக்கும் உதவி நீட்டிக்கப்பட்டது. 2003இல் ஒப்புதல் பெற்ற ஆட்சேர்ப்பு மானியத் திட்டத்தில் ஒரு பகுதி, தொண்டர்களைச் சேர்ப்பதற்கும் தக்கவைப்பதற்கும் ஒதுக்கப்படுகிறது.

செலவைத் தாங்குபவர் யார்?

வகுப்பில் இடம் இருந்தால் மட்டும் என்னும் நிபந்தனை சாதாரணமாகத் தோன்றினாலும், அதில் ஒரு பொருளாதார உண்மை அடங்கியுள்ளது. ஆசிரியரின் சம்பளமும் கட்டடத்தின் செலவும் முன்னரே ஏற்கப்பட்டவை. காலியாக உள்ள இருக்கையில் மேலும் ஒரு மாணவர் அமர்வதால் கல்லூரிக்கு ஏற்படும் கூடுதல் செலவு மிகச் சிறிது. தொண்டருக்கு அந்த இருக்கையின் மதிப்போ பல நூறு டாலர். குறைந்த செலவில் கூடிய பயன் தருவதால்தான் சட்டமன்றங்கள் இம்முறையை விரும்புகின்றன. ஆனால் தொண்டர் தரும் பாதுகாப்பால் பயன் பெறுவது ஊர். கட்டணத்தை இழப்பது கல்லூரி. இழப்பை அரசு ஈடு செய்யாவிடில், கல்லூரி அதைப் பிற மாணவர் மீது சுமத்தவோ சலுகையைச் சுருக்கவோ முற்படும்.

உள்ளூர்க் கல்லூரிகளுக்கு முதன்மை அளிக்கப்படுவதும் கருதத்தக்கது. தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைஞர் இரவு இரண்டு மணிக்கு ஊரில் எழும் தீயை அணைக்க வர இயலாது. அருகிலேயே படிப்பவரால் அது இயலும். எனவே கட்டணத்தைக் குறைப்பது மட்டும் இச்சலுகையின் நோக்கமன்று. இளைஞரை ஊரில் இருத்துவதும் அதன் நோக்கமாகும். இதற்கு மாறான ஏற்பாடும் உண்டு. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள காலேஜ் பார்க் தொண்டர் தீயணைப்பு நிலையத்தில் மாணவர்கள் தங்கிப் படித்துக்கொண்டே பணிபுரிகின்றனர். அங்கு ஊர் இளைஞரைப் படிக்க வைப்பதற்குப் பதிலாக, படிக்க வந்த இளைஞரை ஊர் பயன்படுத்திக்கொள்கிறது.

எழும் ஐயங்கள்

வெகுமதி பெறுபவர் தொண்டர் ஆவாரா என்பது முதல் ஐயம். அமெரிக்கத் தொழிலாளர் சட்ட விதிகள், தொண்டருக்குச் செலவு ஈடும், நியாயமான சலுகைகளும், பெயரளவிலான தொகையும் வழங்கலாம் என அனுமதிக்கின்றன. பணிக்கு ஈடான ஊதியமாக அது மாறினால் அவர் ஊழியராகவே கருதப்படுவார். சலுகைத் தொகைகள் சிறியனவாக இருப்பதற்கு நிதிக் குறைவோடு இந்த எல்லைக் கோடும் காரணம் எனலாம்.

யாருக்குப் பயன் என்பது இரண்டாவது ஐயம். சலுகை இல்லாவிடினும் பணியாற்றியிருப்பவருக்கே அது சென்றால் புதிய தொண்டர் எவரும் சேர்ந்ததாகாது. நாற்பது வயதைக் கடந்தவருக்குக் கல்லூரிக் கட்டணம் பெரிய கவர்ச்சியன்று. நியூ ஜெர்சிச் சட்டம் பிள்ளைகளையும் சேர்த்திருப்பது இக்குறையை ஓரளவு நிவர்த்தி செய்கிறது.

மதிப்புத் தேய்வு மூன்றாவது. டாலரில் நிலையாக வரையறுக்கப்பட்ட தொகை, விலைவாசி ஏற ஏற உண்மை மதிப்பை இழக்கிறது. மேலும், டென்னசி முதலிய மாநிலங்கள் சமுதாயக் கல்லூரிக் கட்டணத்தைப் பரவலாக நீக்க முற்பட்ட பின், யாவருக்கும் கிடைப்பதைத் தொண்டருக்குத் தனிச் சலுகை எனக் கூறுவதில் பொருளில்லை.

இந்தியாவிற்கு ஒரு கருத்து

இந்தியாவில் தீயணைப்பு மாநிலங்களின், நகராட்சிகளின் பொறுப்பாகும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர் நீத்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் தீயணைப்பு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. தொண்டர் மரபும் இங்கு இல்லாமல் இல்லை. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுகின்றனர். ஆப்த மித்ரா திட்டம் 2016 முதல் பேரிடர்த் தொண்டர்களைப் பயிற்றுவித்தது. ஊர்க்காவல் படையினர் நிரந்தர ஊழியர் அல்லர் எனினும், அவர்களின் பணிப்படி காவலரின் குறைந்தபட்ச ஊதியத்திற்கு இணையாக அமைய வேண்டுமென 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தொண்டுக்கும் ஊழியத்திற்கும் இடையிலான கோடு இந்நாட்டிலும் எளிதன்று என்பதை இது காட்டுகிறது.

அமெரிக்க அனுபவம் உணர்த்துவன மூன்று. பயன் பெறும் அமைப்பே செலவையும் ஏற்க வேண்டும். சலுகையின் மதிப்பு காலத்திற்கேற்பத் திருத்தப்பட வேண்டும். பயிற்சியும் கருவியும் காப்பீடும் முதலில் வர, கல்விச் சலுகை அவற்றைப் பின்தொடர வேண்டும். ஆபத்தில் இறங்கும் இளைஞருக்கு உயிர்ப் பாதுகாப்பு அளிக்காமல் கட்டண விலக்கு மட்டும் அளிப்பது முறையாகாது. இவ்வரிசை காக்கப்படும் இடத்தில், படிப்பும் தொண்டும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும்.