படித்தது ஏன் மறக்கிறது?

தேர்வு அறையில் வினாத்தாளைக் கையில் வாங்கியதும், "இதை நேற்று இரவுதானே படித்தேன்! புத்தகத்தில் எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரிகிறதே, விடை மட்டும் வரவில்லையே!" என்று நீங்கள் தவித்ததுண்டா? பெரும்பாலான மாணவர்கள் இப்படித் தவித்திருப்பார்கள். இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்துவிட்டால், "எனக்குப் படிப்பு ஏறாது" என்ற முடிவுக்கே சிலர் வந்துவிடுகின்றனர். வீட்டில் உள்ளவர்களும் அதையே சொல்லத் தொடங்கினால், படிப்பை நிறுத்திவிடும் எண்ணமும் தோன்றிவிடுகிறது.

ஆனால் இது அவசரத் தீர்ப்பு. இரவு பகலாகப் படித்தும் நினைவில் நிற்கவில்லை என்றால், குறை மூளையில் இருப்பதைவிடப் படிக்கும் முறையில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உளவியல் அறிஞர்கள் செய்துவந்த சோதனைகள் இதை உணர்த்துகின்றன. அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

மறதியை அளந்தவர்

மறதியை எண்களால் அளக்க முடியும் என்று முதலில் காட்டியவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர். சோதனை செய்தவரும் அவரே, சோதனைக்கு உட்பட்டவரும் அவரே! பொருளுள்ள சொற்கள் முன்பே தெரிந்த செய்திகளோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அதைத் தவிர்ப்பதற்காக, பொருளே இல்லாத ஏறத்தாழ 2,300 அசைகளை உருவாக்கினார். அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். சிறிது காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் மனப்பாடம் செய்து, இம்முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். முடிவுகளை 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

20 நிமிடம் கழித்து மீண்டும் கற்றபோது அவருக்கு 58 விழுக்காடு நேரம் மிச்சமாயிற்று. ஒரு மணி நேரம் கழித்து 44 விழுக்காடு. ஒரு நாள் கழித்து 34 விழுக்காடு. 31 நாள் கழித்து 21 விழுக்காடு. இந்த எண்களைச் சற்று உற்று நோக்குங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் ஏற்படும் இழப்பு, அதற்கடுத்த ஒரு மாதம் முழுவதிலும் ஏற்படும் இழப்பைவிட அதிகம்! மறதி தொடக்கத்தில் பாய்ந்து செல்கிறது. பிறகு தளர்ந்து நடக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்து, 2015இல் ஏறத்தாழ இதே முடிவை வெளியிட்டனர்.

பொருள் புரிந்து படிக்கும் பாடம் இவ்வளவு விரைவில் மறந்துவிடாது. எனினும், படித்ததை உரிய காலத்தில் புதுப்பிக்காவிட்டால் அதுவும் தேய்ந்துபோகும்.

எபிங்ஹவுஸ் மற்றோர் உண்மையையும் கண்டார். 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை தொடர்ந்து படித்ததால் கிடைத்த பயன், மூன்று நாட்களில் பிரித்து 38 முறை மட்டுமே படித்தபோதும் கிடைத்தது. அதாவது, இடைவெளி விட்டுப் படித்தால் ஏறத்தாழப் பாதி உழைப்பே போதும். பயிருக்கு வேண்டிய நீரையெல்லாம் ஒரே நாளில் கொட்டுவதும், முறை வைத்துப் பாய்ச்சுவதும் ஒன்றாகுமா?

தெரிந்த முகம், தெரியாத பெயர்

எதிரே வருபவரைக் கண்டதும் "எங்கோ பார்த்த முகம்" என்கிறோம். பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். கண்முன் இருப்பதை அடையாளம் காண்பது வேறு. இல்லாததை நினைவிலிருந்து வரவழைப்பது வேறு. பாடத்தை நான்காம் முறை படிக்கும்போது வரிகள் பழகிப்போய்விடுகின்றன. "எல்லாம் தெரிகிறது" என்ற நிறைவு உண்டாகிறது. அந்த நிறைவுதான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. தேர்வு கேட்பது முகத்தையன்று, பெயரை!

அமெரிக்காவைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலார் 2006இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாக்குகிறது. கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு கட்டங்களிலும் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு பிரிவினர் முதல் கட்டத்தில் மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று கட்டங்களிலும் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதல் பிரிவினர் 83 விழுக்காடும், இரண்டாம் பிரிவினர் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாயிற்று. முதல் பிரிவினருக்கு எஞ்சியது 40 விழுக்காடு. இரண்டாம் பிரிவினருக்கோ 61 விழுக்காடு.

வயலில் யாராவது நடக்க நடக்கத்தானே ஒற்றையடிப் பாதை உண்டாகிறது? நினைவிலிருந்து ஒரு செய்தியை வரவழைக்கும் ஒவ்வொரு முறையும், அதை அடையும் வழி அவ்வாறே செப்பமாகிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் பாடத்தை ஒப்பிக்கச் செய்ததிலும் இப்பயன் இருந்தது. ஆயினும் பொருள் அறியாமல் ஒப்பிப்பது கிளிப்பிள்ளைப் பாடம். கேள்வி சற்று மாறினால் அது கைகொடுக்காது.

கணக்கைக் கலந்து போடுங்கள்

ஒரே வகைக் கணக்குகளை வரிசையாகப் போடும்போது எந்த வாய்பாடு என்று யோசிக்கவே வேண்டியதில்லை. மேலே செய்ததையே கீழேயும் செய்கிறோம். தேர்விலோ எல்லா வகையும் கலந்து வருகின்றன. ரோரர், டெய்லர் என்போர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைக் கன உருவங்களின் கன அளவைக் காணும் பயிற்சியை மாணவர்களுக்கு அளித்தனர். பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89 விழுக்காடும், கலந்து போட்டவர்கள் 60 விழுக்காடும் சரியாகச் செய்தனர். ஒரு வாரத்துக்குப் பின் நடந்த தேர்வில் வகைவாரியாகப் போட்டவர்கள் 20 விழுக்காடு, கலந்து போட்டவர்கள் 63 விழுக்காடு! எனவே பயிற்சியின்போது திணறினால் மனம் தளர வேண்டாம். அத்திணறலும் கற்றலின் ஒரு பகுதியே.

நீங்கள் செய்ய வேண்டியது

1. பாடத்தை ஒருமுறை பொருள் புரிந்து படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒளிச்சேர்க்கை பாடமா? என்னென்ன உட்செல்கின்றன, என்னென்ன வெளிவருகின்றன என்று எழுதுங்கள். இதயத்தின் அமைப்பா? படத்தைப் பார்க்காமல் வரைந்து பாகங்களைக் குறியுங்கள்.

2. பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள். விட்டுப்போனதை மட்டும் வேறு நிறத்தில் எழுதுங்கள். அடுத்த முறை நீங்கள் கவனிக்க வேண்டியது அதுதான்.

3. இதையே மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே ஆகும்.

4. கணக்குப் பயிற்சியில் முந்தைய அத்தியாயங்களிலிருந்தும் இரண்டிரண்டு கணக்குகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. உறக்கத்தைக் குறைக்காதீர்கள். கற்றபின் விழித்திருந்த நேரத்தைவிட உறங்கிய நேரத்தில் மறதி குறைவு என்று ஜென்கின்ஸ், டாலன்பாக் என்போர் 1924இலேயே காட்டினர். உறங்கும்போதும் மூளை அன்று கற்றதைப் பதிய வைக்கும் வேலையைச் செய்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இம்முறைக்குத் தனிப்பயிற்சிக் கட்டணம் தேவையில்லை. விலையுயர்ந்த வழிகாட்டி நூல்களும் தேவையில்லை. கிழித்துப் போடும் நாட்காட்டித் தாளின் பின்புறம் போதும். கேள்வி கேட்க ஒரு நண்பரோ, தம்பி தங்கையோ கிடைத்தால் இன்னும் நல்லது. எழுதப் படிக்கத் தெரியாத தாயிடம்கூட அன்றைய பாடத்தைச் சொல்லிக் காட்டலாம். அவருக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால், பாடம் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

இப்போது ஒரு சிறு சோதனை. இந்த இதழை மூடி வையுங்கள். எபிங்ஹவுஸ் கண்ட இரண்டு உண்மைகள் யாவை? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.